வெட்கமும் வியாதியும்

மனித தேகத்தின் உறுப்புகளுள் சிலவற்றைப் பற்றிச் சபையில் பேசலாம், சிலவற்றைப் பற்றி வீட்டுக்குள்ளும் பேசலாகாது என்று நமது ஜனங்கள் என்றோ ஓர் எல்லை வகுத்துக் கொண்டார்கள். கண்ணில் வலி கண்டவன் தெருவில் எதிர்ப்படும் முதல் மனிதனிடமே மருந்து கேட்கிறான். மலத்தோடு இரத்தம் போகக் கண்டவனோ அதைத் தன் மனைவியிடமும் சொல்வதில்லை. மூத்திரம் சிவந்து போகக் கண்டவன் இளநீர் குடித்துவிட்டுச் சும்மா இருக்கிறான். மரியாதையைக் காப்பதற்காக ஏற்பட்ட இந்த எல்லை, புற்றுநோய் விஷயத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களுக்கு எமனாக இருந்து வருகிறது.

இரைப்பை, குடல் முதலிய ஜீரண உறுப்புகளிலும், மூத்திர உறுப்புகளிலும், ஜனன உறுப்புகளிலும் உண்டாகும் புற்றுநோய்களைக் கண்டறியவும் தீர்க்கவும், சென்ற நூற்றைம்பது வருஷங்களில் மனித அறிவு தேடிக் கொடுத்திருக்கும் சாதனங்கள் பல. அவற்றுள் சில மிகுந்த பொருட்செலவு உள்ளவை. சில, ஒரு கிராமத்துத் தாதியும் கையாளக் கூடிய அளவு எளியவை. ஆனால் நோயாளி வாய் திறந்து சொன்னாலன்றி இவற்றுள் பெரும்பாலானவை பயன்படா. நம் நாட்டிலோ, நோய் முற்றி, வைத்தியர் கைவிரிக்கும் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வருவோரே மிகுதி.

இந்தத் தாமதத்துக்கு வெட்கம் ஒரு காரணம். நாம் நோய்களுக்கு இட்டு வழங்கும் பெயர்கள் மற்றொரு காரணம். வயிற்றில் மந்தமும் எரிச்சலும் நீடித்தால் அது "வாயு." மலத்தில் இரத்தம் கண்டால் அது "மூலம்." மூத்திரம் நிறம் மாறினால் அது "சூடு." பெயர் வைத்தாயிற்று, ஆகவே பயம் தீர்ந்தது. பெரும்பாலும் இப்பெயர்கள் சரியாகவே இருக்கக் கூடும். ஆனால் புற்றுநோய் இப்பெயர்களின் மறைவில்தான் மாதக்கணக்காக ஒளிந்து வளர்கிறது. எனவே இம்மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

வாயு

உயிருள்ள மனிதனுடைய இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை வைத்தியர்களுக்கு வெகு நாளாக உண்டு. ஜெர்மனியில் குஸ்மால் என்னும் டாக்டர் 1868-ம் வருஷத்தில் ஓர் உபாயம் செய்தார். கத்தியை விழுங்கி வித்தை காட்டும் ஒருவனை அழைத்து, வளையாத உலோகக் குழாய் ஒன்றை அவன் தொண்டை வழியே செலுத்தினார். குழாய் உள்ளே சென்றது. ஆனால் பார்ப்பதற்குப் போதிய வெளிச்சம் இல்லை. 1932-ல் ஷிண்ட்லர் என்பவர் ஓரளவு வளையக் கூடிய குழாயைச் செய்தார். 1957-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் பணியாற்றிய ஹிர்ஷோவிட்ஸ், மயிர் போன்ற கண்ணாடி இழைகளால் அமைந்த மெல்லிய கருவியை முதலில் தம் தொண்டையிலேயே செலுத்திப் பார்த்தார். இன்று ஜில்லாத் தலைநகரங்களிலும் வழங்கும் "எண்டாஸ்கோப்பி" பரீக்ஷை அதிலிருந்து வளர்ந்ததே. சில நிமிஷங்களில் இரைப்பையின் உட்சுவர் முழுவதையும் பார்க்கலாம். சந்தேகமான இடத்திலிருந்து கடுகளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்து நிச்சயம் செய்யலாம்.

சிகிச்சையும் இவ்வாறே படிப்படியாக வளர்ந்தது. 1881-ல் வியன்னா நகரத்தில் பில்ரோத் என்னும் ரண சிகிச்சை நிபுணர், புற்றுநோய் கண்ட இரைப்பையின் ஒரு பகுதியை அறுத்து நீக்கி, எஞ்சியதைக் குடலோடு இணைத்தார். நோயாளி அறுவையிலிருந்து பிழைத்து எழுந்தாள். சுமார் நான்கு மாதங்களுக்குப் பின் நோய் மறுபடியும் பரவி இறந்தாள். நான்கு மாத ஜீவிதம் அக்காலத்தில் உலகம் வியந்த வெற்றி! இன்று ஜப்பானிய வைத்தியர்கள், மிக ஆரம்ப நிலையில் உள்ள இரைப்பைப் புற்றை, வயிற்றைக் கீறாமலே, வாய் வழியே செல்லும் கருவியைக் கொண்டு உரித்து எடுத்து விடுகிறார்கள். பில்ரோத்துக்கு வந்த நோயும் இதுவும் ஒன்றே. கண்டுபிடித்த காலந்தான் வேறு.

நோயின் காரணமும் இப்பொழுது ஓரளவு தெளிவாகிவிட்டது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தைச் சேர்ந்த வாரன், மார்ஷல் என்னும் இரு டாக்டர்கள், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை 1982-ல் வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பையின் அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நகைத்தனர். மார்ஷல் 1984-ல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சி கண்டு, தம் சொல்லை மெய்ப்பித்தார். 1994-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இதனைப் புற்றுநோய்க் காரணமாக ஒப்புக்கொண்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இக்கிருமி உள்ளவர்களுள் மிகச் சிலருக்கே புற்று உண்டாகிறது என்பது உண்மையே. ஆயினும் பரீக்ஷை செய்து, உண்டெனத் தெரிந்தால், இரண்டு வார மருந்தில் பெரும்பாலும் அதனை ஒழித்து விடலாம்.

ஆகவே, நடு வயதைக் கடந்தவருக்குப் புதிதாக வந்த வயிற்று மந்தம் வாரக்கணக்கில் நீடித்தாலும், உணவு விழுங்குகையில் தடைப்பட்டாலும், மலம் தார் போல் கறுத்துப் போனாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும், "வாயு" என்று சொல்லிச் சோடாவும் சூரணமும் வாங்கிக் காலங்கடத்துவது தகாது.

மூலம்

நமது ஊர்களில் ரயில் நிலையத்தை அடுத்த சுவர்களைப் பார்ப்பவர்கள், "மூலம், பவுத்திரம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் விளம்பரங்களைக் காணாமல் இருக்க முடியாது. நாணத்தால் யாரிடமும் சொல்லாதவன் அந்தச் சுவரிடம் யோசனை கேட்கிறான். பார்க்காமலே மருந்து கொடுக்கும் இடம் அவனுக்குப் பிடித்தமானது. ஏனெனில் அங்கே ஆடை களைய வேண்டுவதில்லை. ஆனால் மலக்குடலில் உள்ள கட்டிகளுள் பலவற்றை, தேர்ந்த வைத்தியர் உறையணிந்த ஒரு விரலால் ஒரே நிமிஷத்தில் தடவி உணர்ந்து விடுவார். யந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். அந்த ஒரு நிமிஷத்துக்கு அஞ்சி ஒரு வருஷத்தை இழந்தவர் எத்தனை பேர்!

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வைத்தியம் கற்ற வீட்டிலும் இந்நோய் புகுந்து ஒருயிரைக் கொண்டுபோயிற்று. அத்துயரத்தை அவர் வீட்டுக்குள் வைத்துப் பூட்டவில்லை. பல ஆண்டுகள் போராடி, 1954-ல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையத்தைத் திறக்கச் செய்தார். பேசக் கூடாதென்று கருதப்பட்ட ஒரு நோயை ஒருவர் துணிந்து பேசியதால் விளைந்த பலன் அந்த நிலையம்.

பெருங்குடல் புற்று பெரும்பாலும் ஒரே நாளில் தோன்றுவதன்று. முதலில் குடற்சுவரில் சிறு மொட்டுப் போன்ற சதை வளர்கிறது. அது புற்றாக மாறுவதற்குச் சுமார் பத்து வருஷங்கள் ஆகலாம். பகைவன் பத்து வருஷம் அவகாசம் கொடுக்கும் யுத்தம் வேறெங்கும் இல்லை. 1969-ல் நியூயார்க்கில் வுல்ப், ஷின்யா என்னும் இரு டாக்டர்கள், நீண்ட குழாய்க் கருவியைப் பெருங்குடலுக்குள் செலுத்தி, கம்பிச் சுருக்கினால் அம்மொட்டை அறுத்தெடுக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இவ்விதம் மொட்டுகள் நீக்கப்பட்டவர்களிடையே, எதிர்பார்த்ததைக் காட்டிலும் பெருங்குடல் புற்றினால் மரணம் நூற்றுக்கு 53 வீதம் குறைந்திருந்ததாக 2012-ல் வெளிவந்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று கூறுகிறது. கருவிக்கு வழியில்லாத இடத்தில் மலத்தைப் பரீக்ஷித்துக் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டுபிடிக்கலாம். அமெரிக்காவில் மின்னசோட்டா ராஜ்யத்தில், வருஷந்தோறும் இப்பரீக்ஷை செய்துகொண்டவர்களிடையே அந்நோயின் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 1993-ல் நிரூபித்தார்கள்.

சிகிச்சைக்கு அஞ்சுவோரும் உண்டு. 1908-ல் லண்டனில் மைல்ஸ் வகுத்த அறுவையில் மலக்குடல் முழுதும் நீக்கப்பட்டு, வயிற்றில் துவாரமிட்டு மலம் வெளிப்படும்படி செய்யப்பட்டது. உயிர் பிழைத்தும் பை கட்டிக்கொண்டு வாழ்வதா என்ற அச்சம் பலரை வைத்தியரிடமிருந்து ஓடச் செய்தது. 1982-ல் இங்கிலாந்தின் ஹீல்ட் என்பவர் மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு சேர்த்துப் பக்குவமாக எடுக்கும் முறையை விளக்கினார். அதன்பின் நோய் அதே இடத்தில் மறுபடி தோன்றுவது வெகுவாகக் குறைந்தது; ஆசனவாயைக் காப்பாற்றுவதும் பலருக்குச் சாத்தியமாயிற்று. 2022-ல் நியூயார்க்கிலிருந்து அதனினும் வியப்பான செய்தி வந்தது. அணுக்களின் பிழை திருத்தும் சக்தி கெட்டுப் போனதால் வரும் ஒருவகை மலக்குடல் புற்றுக்கு, தேகத்தின் சொந்த எதிர்ப்புச் சக்தியை எழுப்பும் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தை மட்டும் ஆறு மாதம் கொடுத்தார்கள். சிகிச்சையை முடித்த முதல் பன்னிரண்டு பேருக்கும் கத்தியின்றி, கதிரின்றி, கட்டி அடையாளமின்றி மறைந்தது. இவ்வகை நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்கே உரியது; மருந்தின் விலையும் ஏழைக்கு எட்டாதது. ஆயினும், "வந்தால் அறுவை, அறுத்தால் பை" என்ற பழைய தீர்ப்பு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை இது காட்டுகிறது.

சூடு

மூத்திரத்தில் இரத்தம் கண்டு, வலியும் இல்லாவிட்டால், நம்மவர் அதனைச் சூடு என்று தள்ளிவிடுகின்றனர். இரண்டு நாளில் அது தானே நின்றும் போகிறது; மோர் குடித்ததால் நின்றது என்று திருப்தியும் உண்டாகிறது. வலியின்றி வந்து, தானே நின்று, மறுபடி வருவதே மூத்திரப்பைப் புற்றின் வழக்கமான குணம் என்பதை அறிந்தவர் சிலரே. இவ்விஷயத்தில் வலியில்லாமையே அதிகமாக அஞ்சத் தக்கது.

1895-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் ரேன் என்னும் வைத்தியர், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்த கூலியாட்களுக்கு இந்நோய் வருவதைக் கண்டு, சாயப் பொருளின் மேல் சந்தேகத்தை வெளியிட்டார். தொழிலாளியின் பிழைப்பே அவன் மூத்திரப்பையில் விஷமாகச் சேர்கிறது என்று அன்று வெளிப்பட்டது. இன்றோ, இந்நோய்க்கு முதற்பெருங்காரணம் புகையிலை என்பது ஸ்தாபிக்கப்பட்ட உண்மை. புகை நுரையீரலோடு நிற்பதில்லை. அதன் விஷம் இரத்தத்தில் கலந்து, மூத்திரத்தில் இறங்கி, பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. பீடி குடிப்பவன் இதனை அறிவது அவசியம்.

மூத்திரப்பையை உள்ளே பார்க்கும் கருவியை நிட்சே என்பவர் 1877-லேயே காட்டினார். சிகிச்சையில் நடந்த பெரிய மாறுதலோ நமக்கு மிகவும் பழக்கமான ஒரு பொருளால் வந்தது. குழந்தை பிறந்ததும் க்ஷயரோகத்தைத் தடுக்கத் தோளில் போடும் பி.ஸி.ஜி. ஊசியை நாம் அறிவோம். அதனைத் தயாரிக்கும் ஆராய்ச்சிசாலை கிண்டியில் 1948-ல் நிறுவப்பட்டது. அந்த மருந்தையே மூத்திரப்பைக்குள் செலுத்தினால், பையின் மேற்சுவரோடு நிற்கும் புற்று திரும்பி வருவது குறைகிறது என்று கானடா தேசத்து மொராலஸ் 1976-ல் வெளியிட்டார். அன்று அவர் பார்த்த நோயாளிகள் ஒன்பது பேரே. இன்று உலகெங்கும் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது.

புருஷர்கள் மறைக்கும் நோய்கள் இன்னும் உள. வயோதிகத்தில் புராஸ்டேட் சுரப்பியில் தோன்றும் புற்று ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது என்பதை ஹக்கின்ஸ் 1941-ல் நிரூபித்தார். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இரத்தப் பரீக்ஷையால் இதனை முன்கூட்டி அறிய முடிகிறது. ஆனால் அறிந்தவுடன் கத்தியை எடுக்க வேண்டும் என்பதில்லை. சுரப்பிக்குள்ளேயே நின்றிருந்த நோயுடைய 1,643 பேரைப் பதினைந்து வருஷம் கவனித்த பிரிட்டிஷ் ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்டவர், கதிர் சிகிச்சை பெற்றவர், கண்காணிப்பில் மட்டும் இருந்தவர் ஆகிய மூவகையினரிலும், அந்நோயினால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. எதற்குச் சிகிச்சை வேண்டும், எதற்குப் பொறுமை போதும் என்று பிரித்தறிவதும் முன்னேற்றமே அன்றோ?

இளைஞர்களைத் தாக்கும் விரைப் புற்றோ இதற்கு நேர்மாறு. அதில் பொறுமை ஆகாது. தேகமெங்கும் பரவிய பின் அந்நோயிலிருந்து பிழைத்தவர் முன்னாளில் மிகச் சிலர். ரோஸன்பர்க் என்ற அமெரிக்கர் 1965-ல் மின்சாரத்தைக் கொண்டு கிருமிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பிளாட்டினத்தின் கூட்டுப்பொருள் ஒன்று அணுக்கள் பிரிவதைத் தடுப்பதைத் தற்செயலாகக் கண்டார். 1974-ல் ஐன்ஹார்ன் என்பவர் அந்த ஸிஸ்பிளாட்டின் மருந்தை வேறு மருந்துகளோடு கூட்டிக் கொடுக்கத் தொடங்கினார். அதன் பின் பரவிய நிலையிலும் ஐவரில் நால்வர் அளவு குணமடையலாயினர். விரையில் வலியற்ற கட்டி கண்ட வாலிபன் அதைத் தன் தாயிடம் சொல்லக் கூசலாம். டாக்டரிடம் சொல்லக் கூசலாகாது. ஆண்குறியில் ஆறாத புண் கண்டவனுக்கும் இதுவே நம் வார்த்தை.

பெயரில்லாத நோய்

மேற்சொன்ன மூன்றுக்கும் பெயராவது உண்டு. மாதவிலக்கு நின்று பல வருஷமான பின் இரத்தம் கண்டால், அல்லது புருஷ சேர்க்கைக்குப் பின் இரத்தம் கண்டால், நம் வீட்டு ஸ்திரீகள் அதற்குப் பெயர் வைப்பதும் இல்லை. அவர்கள் சொல்வதில்லை, நாம் கேட்பதில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்று இந்த மௌனத்தில் வளர்கிறது.

இவ்வளவு முழுமையாகத் தடுக்கக் கூடிய புற்று வேறொன்றைக் காண்பது அரிது. அதற்குக் காரணம் பாப்பிலோமா என்னும் விஷக்கிருமி என்பதை ஜெர்மனியின் ஹவுஸன் கண்டறிந்து 2008-ல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பு ஊசி 2006 முதல் வழக்கத்துக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் இவ்வூசி பெற்ற பெண்களிடையே பரவும் கர்ப்பப்பை வாய்ப் புற்று ஒருவருக்கும் காணப்படவில்லை என்று 2024-ல் அறிவித்தனர். நம் நாட்டில் ஸிக்கிம் 2018-ல் பள்ளிச் சிறுமிகளுக்கு இதனைப் போடத் தொடங்கியது. புனா நகரத்தில் தயாராகும் சுதேசி ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது.

ஊசி பெறும் வயதைக் கடந்த தாய்மாருக்கு வழி என்ன? அதற்கு விடை பிற தேசத்திலிருந்து வர வேண்டியிருக்கவில்லை. நமது திண்டுக்கல் ஜில்லாவிலிருந்தே வந்தது. 2000-ம் வருஷம் தொடங்கி அங்கே 30 முதல் 59 வயது வரையுள்ள கிராம ஸ்திரீகளை, பயிற்சி பெற்ற தாதிகள் பரீக்ஷித்தார்கள். கருவி என்ன? காடி! நீர்த்த காடியைக் கர்ப்பப்பை வாயில் தடவினால், மாறுதல் அடைந்த இடம் ஒரு நிமிஷத்தில் வெளுத்துக் காட்டும். அவ்விடத்தைக் குளிரால் உறையவைத்து அழித்து விடலாம். ஒரே ஒரு முறை நடந்த இப்பரீக்ஷையால், பரீக்ஷிக்கப்படாத கிராமங்களைக் காட்டிலும் இந்நோய் நூற்றுக்கு 25 வீதமும், அதனால் மரணம் 35 வீதமும் குறைந்தன என்று 2007-ல் உலகறிய வெளியிடப்பட்டது. மராட்டியத்தின் உஸ்மானாபாத் ஜில்லாவிலோ, கிருமியையே தேடும் பரீக்ஷை ஒருமுறை செய்ததில் மரணம் ஏறக்குறைய பாதியாயிற்று என்று 2009-ல் அறிந்தோம். அன்னிய தேசத்து வைத்திய சாஸ்திரிகள் மேற்கோள் காட்டும் இந்த ஆராய்ச்சியை, வேடசந்தூருக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் போய்வரும் நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

செய்யத் தக்கது

எல்லாப் புற்றும் இவ்விதம் வசமாகிவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. கணையத்தில் தோன்றும் புற்றை முன்கூட்டி அறிய ஜனங்களுக்கெல்லாம் செய்யத் தக்க பரீக்ஷை இன்னும் ஏற்படவில்லை. பித்தப்பையின் புற்றும் கங்கைச் சமவெளியில் பெருந்தொகையினரை முற்றிய நிலையிலேயே பிடிக்கிறது. இவற்றில் சாஸ்திரம் பின்தங்கியிருக்கிறது. அது சாஸ்திரிகளின் கவலை. ஆனால் மேலே நாம் எடுத்துக் காட்டியவற்றிலோ சாஸ்திரம் வந்து வாசலில் நிற்கிறது, கதவு திறக்கப்படவில்லை. இது நம்முடைய கவலை.

"பசிக்குச் சோறில்லாத ஜனங்களுக்குப் பெருங்குடல் பரீக்ஷையா?" என்று கேட்பவர் உண்டு. காடிக்கும், கையுறைக்கும், மலப் பரீக்ஷைக்கும் ஆகும் செலவு, முற்றிய நோயைச் சுமந்து ஒரு குடும்பம் நிலத்தை விற்றுச் செய்யும் செலவில் எள்ளளவும் ஆகாது. ஏழைக்கு ஏற்ற வைத்தியம் முன்கூட்டி அறியும் வைத்தியமே. பணக்காரன் தாமதித்தும் ஒருவேளை பிழைக்கலாம். ஏழைக்குத் தாமதம் மரணத்துக்குச் சமானம்.

சர்க்கார் செய்ய வேண்டியது தெளிவு. கிராம ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரீக்ஷை பெயரளவில் நில்லாமல் நடைபெற வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் உள்நோக்குக் கருவியும், அதைக் கையாளத் தெரிந்தவரும், கிள்ளிய சதையைப் பார்த்துச் சொல்லும் நிபுணரும் குறைவின்றி இருக்க வேண்டும். கருவியை வாங்கித் திறப்பு விழா நடத்திவிட்டு, ஆளை நியமிக்காமல் விடுவது ஜனங்களை ஏமாற்றுவதாகும். நோயென்று சொல்லிவிட்டுச் சிகிச்சைக்கு வழி காட்டாமல் அனுப்புவதோ அதனினும் கொடுமை. ஸ்திரீகளைப் பரீக்ஷிக்க ஸ்திரீகளும், மறைவான அறையும், கடிந்து பேசாத நாவும் வேண்டும். ஒருமுறை அவமதிக்கப்பட்டவள் மறுமுறை வரமாட்டாள். தன் மகளையும் வரவிட மாட்டாள்.

ஆனால் சர்க்காரால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. அது ஜனங்களின் வாயைத் திறப்பது. பொதுத் தொண்டில் ஈடுபட்ட நம் நண்பர்கள் தீண்டாமையைப் பற்றியும் மதுவைப் பற்றியும் மேடையேறிப் பேசியபோது, அவையும் பேசத் தகாத விஷயங்களாகவே கருதப்பட்டன. துணிந்து பேசினார்கள், தேசம் கேட்டது. அடுத்த முறை கிராமத்தில் கூட்டம் கூட்டும்பொழுது கால் மணி நேரத்தை இதற்கு ஒதுக்கட்டும். மலத்தில் இரத்தம், மூத்திரத்தில் இரத்தம், விலக்கு நின்றபின் இரத்தம், விழுங்குகையில் தடை, ஆறாத புண், வலியற்ற கட்டி ஆகிய ஆறையும் தமிழிலேயே, சுற்றி வளைக்காமல், சொல்லட்டும். பேசி முடித்ததும் யாரேனும் ஒருவர் தனியே வந்து தாழ்ந்த குரலில் ஏதேனும் கேட்டால், அவரை மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லட்டும். பெரும்பாலும் அது மூலமாகவும் சூடாகவுமே இருக்கும். மனம் நிம்மதியடைந்து வீடு திரும்புவார். அவ்வாறில்லாவிட்டால், தக்க காலத்தில் போனோம் என்று அவர் குடும்பம் வாழ்த்தும்.